முயல்களின் காதில் பச்சை குத்துதல்

முயல்களின் காதில் பச்சை குத்துதல் என்பது, ஒரு முயலை மற்ற முயல்களிலிருந்து பிரித்து அறிவதற்காக அதன் காது மடலின் உட்புறத்தில் எண்களையும் எழுத்துகளையும் அழியாத மையால் பதிக்கும் முறையாகும். முயல் கண்காட்சிகளும் இனப் பதிவேடுகளும் வேரூன்றிய நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும், இது நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பிரிட்டனில் இதே தேவைக்குக் கால் வளையம் பயன்படுகிறது. வீட்டில் செல்லமாக வளர்க்கப்படும் முயல்களுக்கு இப்போது மைக்ரோசிப் பொருத்துவதும் பரவி வருகிறது.

காதில் இருப்பவை சில எழுத்துகள் மட்டுமே. அவை யாருடைய ஏட்டில், யார் பெயருக்கு எதிரே எழுதப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே அவற்றுக்குப் பொருள் உண்டாகிறது. கண்காட்சி மேசையில் இவ்வளவு உறுதியாகப் பேசும் இந்த அடையாளம், தொலைந்துபோன செல்ல முயலை வீடு சேர்க்கும் வேளையில் பெரும்பாலும் ஊமையாகிவிடுவதற்கும் இதுவே காரணம்.

தமிழில் இதைப் 'பச்சை' என்கிறோம். தோலுக்கு அடியில் போன கரிய மை வெளியே பசுமை கலந்த நிறமாகத் தெரிவதால் வந்த வழக்கு அது. முயலைப் பொறுத்தவரை சொல்லும் பொருளும் சில நேரம் முற்றிலும் ஒன்றுபடுகின்றன. கருங்காது முயல்களுக்குக் கறுப்பு மை எடுபடாது என்பதால் உண்மையிலேயே பச்சை நிற மையைக் குத்துவார்கள்.

ஏன் அடையாளம் தேவைப்படுகிறது

பசுவையும் ஆட்டையும் நிறத்தாலும் கொம்பாலும் நடையாலும் அடையாளம் கண்டுகொள்கிறோம். முயலில் அது எப்போதும் இயலாது. நியூசிலாந்து வெள்ளை என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். (பெயர் அப்படி இருந்தாலும் இந்த இனம் உருவானது அமெரிக்காவில்.) உடல் முழுதும் வெள்ளை, கண்கள் சிவப்பு. ஒரே வயதுள்ளவை ஏறத்தாழ ஒரே எடையில் இருக்கும். பத்துக் கூண்டுகளில் இருக்கும் பத்து முயல்களை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் வளர்த்தவரே தடுமாறிப்போவார்.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் சாதாரணம். நான்கைந்து தாய் முயல்கள் மட்டுமே வைத்திருப்பவரிடமும் சில மாதங்களில் நூறு குட்டிகள் சேர்ந்துவிடும். தாயிடமிருந்து பிரித்துப் பெரிய கூண்டுகளில் ஒன்றாக விட்ட பிறகு எது எந்தத் தாயின் குட்டி என்பது நினைவில் நிற்காது. உடன்பிறந்தவை தமக்குள் சேர்ந்து ஈனுவதைத் தவிர்க்க வேண்டுமானாலும், எந்தத் தாயின் குட்டிகள் நன்றாக எடை ஏறுகின்றன என்று பார்க்க வேண்டுமானாலும், நோயுற்ற முயலுக்கு நேற்று மருந்து கொடுத்தோமா என்று அறிய வேண்டுமானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோ எண்ணோ வேண்டும். கூண்டின் கதவில் தொங்கும் அட்டை கூண்டைத்தான் காட்டும். முயல் அடுத்த கூண்டுக்குப் போன அன்றே அட்டை பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு பெரும்பாலும் இறைச்சிக்காகவும், நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஓரளவு உரோமத்துக்காகவும் நடைபெறுகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உதகை அருகே சாந்திநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்கள் ஆடுகளோடு முயல்களையும் பராமரித்து வந்துள்ளன. இனப்பெருக்கம் செய்யும் பண்ணை எதுவாயினும், அடையாளமும் ஏடும் இல்லாமல் அதன் வேலை நடவாது. கண்காட்சிக்கென முயல் வளர்ப்பது நம்மிடையே பரவலாக இல்லாததால், காதுப் பச்சையின் முழு நடைமுறையையும் அறிய மேலைநாடுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் காது? முயலின் காது மடல் அகன்றது, மெல்லியது. உட்புறத்தில் முடி மிகக் குறைவு. தூக்கிப் பிடித்தால் ஒளி ஊடுருவும். ஆடுமாடுகளுக்குப் போடுவதுபோல் காதுத் தோடு மாட்டலாமே என்று தோன்றும். முயல் பின்னங்காலால் காதைச் சொறியும் விலங்கு. கூண்டுத் தோழன் கடித்து இழுப்பதும் உண்டு. மெல்லிய மடல் அந்த இழுப்பைத் தாங்காமல் கிழிந்துவிடும். அதே அமெரிக்கக் கண்காட்சிகளில் முயலுடன் சேர்த்துக் காட்டப்படும் கினிப் பன்றிக்குக் காதில் சிறு உலோகத் தோடுதான் போடுகிறார்கள். அதன் காது பச்சை குத்தப் போதாது. காது போதாத விலங்குகளுக்கு வேறு வழியும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் லாமாஞ்சா என்ற கறவை ஆட்டு இனத்துக்குக் காது இருப்பதே தெரியாது. அதற்கு வாலடியின் முடியற்ற தோலில் குத்துகிறார்கள்.

அமெரிக்க முறை: இடக் காதும் வலக் காதும்

அமெரிக்காவில் முயல் கண்காட்சிகளுக்கு விதி வகுப்பது அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம். 1910இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்ட அமைப்பு இது. இதன் ஆண்டு மாநாட்டுக் கண்காட்சி ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் நடைபெறும். ஆயிரக்கணக்கான முயல்கள் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும்.

இச்சங்கத்தின் விதிப்படி, கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு முயலின் இடக் காதிலும் படிக்கத்தக்க, நிரந்தரமான அடையாளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முயல் எவ்வளவு சிறந்ததாயினும் தகுதி இழக்கும். இடக் காது என்பது முயலின் இடக் காது. எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது வலப்பக்கம் இருக்கும். மாணவர்களுக்கு எதிரே நின்று 'வலக்கையைத் தூக்குங்கள்' என்று தன் வலக்கையைத் தூக்கிக் காட்டிய ஆசிரியர் எவருக்கும் இந்தக் குழப்பம் புதிதல்ல. புதிதாக முயல் வளர்க்கத் தொடங்குவோர் செய்யும் முதல் தவறுகளில் காது மாறிக் குத்துவதும் ஒன்று. குத்திய பிறகு அதை அழிக்க முடியாது.

இடக் காதில் என்ன எழுதுவது என்பது வளர்ப்பவரின் விருப்பம். சங்கம் அதற்கு எண் ஒதுக்குவதில்லை. சிலர் பண்ணைப் பெயரின் முதலெழுத்தையும் வரிசை எண்ணையும் போடுவார்கள். சிலர் ஆண் முயலுக்கு ஒற்றைப்படை எண், பெண் முயலுக்கு இரட்டைப்படை எண் என்று வைத்துக்கொள்வார்கள். தாயின் எழுத்து, பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் என்று சேர்ப்போரும் உண்டு. செல்லப் பெயரையே சுருக்கிக் குத்துவோரும் உள்ளனர். எப்படி எழுதினாலும், ஒருவரிடம் உள்ள இரண்டு முயல்களுக்கு ஒரே குறி வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

கண்காட்சியில் இந்தக் குறி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். நடுவர் மேசையின் ஓரத்தில் வரிசையாகச் சிறு கூண்டுகள் இருக்கும். முயல்களை அவற்றில் விட்டுவிட்டு உரிமையாளர்கள் விலகி நிற்பார்கள். நடுவருக்கு முயலின் உரிமையாளர் யாரென்று சொல்லப்படுவதில்லை. நம் தேர்வு விடைத்தாளில் பெயரில்லாமல் பதிவெண் மட்டும் இருப்பது போலத்தான். நடுவர் முயலை எடுத்துக் காதைப் பார்த்து எண்ணைப் படிப்பார். எழுத்தர் அந்த எண்ணுள்ள அட்டையை எடுத்து, நடுவர் சொல்லும் கருத்துகளை அதில் எழுதுவார். அட்டையிலுள்ள எண்ணும் காதிலுள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் பரிசு அந்த முயலுக்குச் சேரும். '1' என்று குத்தியது '7' போல் தெரிந்தாலோ, குத்திய மை மங்கியிருந்தாலோ அன்றைய உழைப்பு வீண்.

வலக் காது வேறு கதை. அது சங்கத்தின் பதிவுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. ஒரு முயலை முறையாகப் பதிவு செய்ய அதற்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். மூன்று தலைமுறை வம்சாவளிப் பட்டியல் வேண்டும். பெற்றோர் 2, அவற்றின் பெற்றோர் 4, அவற்றுக்கும் முந்தியவை 8 என மொத்தம் 14 முன்னோர். உரிமம் பெற்ற பதிவாளர் ஒருவர் முயலைக் கையில் எடுத்துப் பற்கள், நகங்கள், கண்கள், பாலுறுப்பு, உரோமம், எடை ஆகியவற்றைச் சோதிப்பார். குறையில்லை என்று கண்ட பிறகே பதிவுக் குறி வலக் காதில் ஏறும். எனவே இடக் காது 'என் வளர்ப்பவர் என்னை இப்படி அழைக்கிறார்' என்கிறது. வலக் காது 'மூன்றாம் ஆள் ஒருவர் என்னைச் சோதித்திருக்கிறார்' என்கிறது.

பதிவு செய்வதோடு மூன்று தகுதி வெற்றிகளும் பெற்ற முயலுக்கு 'கிராண்ட் சாம்பியன்' பட்டம் உண்டு. ஒரு வெற்றி கணக்கில் சேர, அந்தப் பிரிவில் குறைந்தது மூன்று பேர் கொண்டுவந்த ஐந்து முயல்களாவது போட்டியிட்டிருக்க வேண்டும். மூன்று வெற்றிகளையும் ஒரே நடுவர் தந்திருக்கக் கூடாது. இந்தச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் முயலின் காது எண் எழுதப்படும். வம்சாவளிப் பட்டியலில் ஓர் எண், சான்றிதழில் ஓர் எண், காதில் ஓர் எண் என்று இருந்தால் மூன்றும் பயனற்றவை. இனத்தூய்மையுள்ள முயல் என்று விலை கொடுத்து வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் திருப்பிப் பார்ப்பதுதான்.

ஜெர்மன் முறை: காதிலேயே பிறந்த தேதி

ஜெர்மனியில் வளர்ப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லை. இன முயல் வளர்ப்போரின் மையக் கூட்டமைப்பு, அதன் கீழ் மாநிலக் கூட்டமைப்புகள், அவற்றின் கீழ் ஊர்ச் சங்கங்கள் என்று அமைப்பு அடுக்காக இருக்கிறது. காதுக் குறியும் அந்த அடுக்கைப் பின்பற்றுகிறது.

வலக் காதில் மாநிலக் கூட்டமைப்பைக் குறிக்கும் எழுத்தும் ஊர்ச் சங்கத்தின் எண்ணும் இருக்கும். இடக் காதில் பிறந்த மாதம், பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், அந்த மாதத்தில் அச்சங்கத்தில் குத்தப்பட்ட வரிசை எண் ஆகியவை வரும். இடக் காதில் 3, 5, 12 என்று இருந்தால், மார்ச் மாதம், 5இல் முடியும் ஆண்டில் பிறந்த பன்னிரண்டாவது குட்டி என்று பொருள். அது 2015ஆ 2025ஆ என்ற கேள்வி எழலாம். நன்கு பராமரிக்கப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடும் என்றாலும், கண்காட்சிக்கு வரும் முயல்கள் இளையவை. பத்தாண்டு இடைவெளியைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். இரண்டு இலக்கம் குத்த வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது முயலுக்கும் நன்மை.

குத்தும் வேலையைச் செய்வதற்கும் பதிவேட்டை எழுதுவதற்கும் ஊர்ச் சங்கத்திலேயே ஆட்கள் உண்டு. ஆகவே ஒரு முயலின் இரு காதுகளையும் படித்தவர், எந்தச் சங்கத்தின் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்று உடனே அறிந்துகொள்கிறார். என் பார்வையில் இரு முறைகளில் இதுவே மேலானது. குறியைப் பார்த்தவுடன் ஏடு எங்கே இருக்கிறது என்று குறியே சொல்லிவிடுகிறது.

பிரிட்டனின் கால் வளையம்

பிரிட்டிஷ் முயல் மன்றம் ஊசியை விட்டுவிட்டு வளையத்தைத் தேர்ந்தது. குட்டி சிறிதாக இருக்கும்போதே, எண் பொறித்த உலோக வளையத்தைப் பின்னங்காலில் நுழைத்துவிடுவார்கள். கால் வளர்ந்த பிறகு வெட்டினாலன்றி அது கழலாது. இனத்தின் உடல் அளவுக்கு ஏற்ப வளையத்தின் அளவு மாறும். ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எழுத்து உண்டு. வளையங்களை மன்றமே விற்பதால் எந்த எண் யாருக்குப் போனது என்ற ஏடு அதனிடம் இருக்கிறது. முயல் கைமாறும்போது வளையத்தின் உரிமையையும் புதியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். நிலத்துக்குப் பட்டா மாற்றுவதுபோல.

குத்தும் வலி இதில் இல்லை. ஆனால் குத்திய பச்சையை மறந்துவிடலாம், வளையத்தை மறக்கக் கூடாது. உரோமம் வளையத்துக்கு அடியில் சேர்ந்து இறுகுவதும், அளவு தவறிய வளையம் வளரும் காலை நெரிப்பதும் உண்டு. கண்காட்சிக்குப் போகும் முயலின் கால் அடிக்கடி சோதிக்கப்படும். கண்காட்சிக் காலம் முடிந்து, செல்லமாக ஒரு வீட்டுக்குப் போன முயலின் கால்தான் ஆபத்தில் இருக்கிறது. புதியவர் அதை அணிகலன்போல் நினைத்து விட்டுவிடக்கூடும்.

குத்தும் விதம்

இரண்டு கருவிகள் வழக்கில் உள்ளன. ஒன்று குறடு. அதன் வாயில் ஊசி முனைகளால் ஆன எண், எழுத்து அச்சுகளைச் செருகலாம். வழக்கமாக ஐந்து அச்சுகள் வரை கொள்ளும். காதை நடுவில் வைத்து ஒருமுறை அழுத்தினால் எல்லா எழுத்தும் ஒரே நொடியில் பதிந்துவிடும். மற்றொன்று மின்சாரப் பேனா. ஒற்றை ஊசி வேகமாக ஏறி இறங்கும். எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகக் குத்த வேண்டும். குறடு சட்டென்று கடித்துவிட்டுப் போகும். பேனா அதிக நேரம் எடுக்கும், ஆனால் நரம்பைத் தவிர்த்து எழுதவும் மங்கிய கோட்டைத் திருத்தவும் இடம் தரும். பேனாவில் கையெழுத்து முக்கியம். ஆங்கில எழுத்து 'ஓ'வும் சுழியும், 'பி'யும் 8உம், 'எஸ்'ஸும் 5உம் ஒன்றுபோல் தெரியும்படி எழுதினால் விடைத்தாளில் போலவே இங்கும் மதிப்பெண் போகும்.

பெரும்பாலோர் தாயிடமிருந்து பிரிக்கும் வயதில், அதாவது ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், குத்துகிறார்கள். காது வளர வளர எழுத்தும் விரியும். மிகவும் முன்னதாகக் குத்தினால் புள்ளிகள் விலகி எழுத்து சிதறும். இனத்தின் காது அளவையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்து குள்ள முயலின் காது அமெரிக்க இலக்கணப்படி இரண்டரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் மூன்று எழுத்து நுழைப்பதே பாடு. இங்கிலீஷ் லாப் என்ற தொங்குகாது முயலுக்கு இந்தக் கவலையில்லை. 2003இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரக் கண்காட்சியில் ஒரு லாப் முயலின் காதுகள் நுனிக்கு நுனி 79 சென்டிமீட்டர் இருந்து உலக சாதனையாயின. அதில் முகவரியையே எழுதலாம்.

முதலில் காகிதத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். அச்சுகள் கண்ணாடிப் பிம்பம்போல் தலைகீழாக இருப்பதால், கோத்து முடித்தவுடன் சரியாகவே தோன்றும். காகிதத்தில்தான் 12 என்பது 21 ஆனது தெரியும். 6ஐயும் 9ஐயும் மாற்றிச் செருகுவது அதைவிட எளிதான தவறு. ஒரு துண்டுக் காகிதம் மிச்சப்படுத்துவது ஒரு முயலின் வாழ்நாள் பிழையை.

பிறகு முயலைத் துண்டில் இறுகச் சுற்ற வேண்டும். தலையும் காதும் மட்டும் வெளியே தெரியும்படி. இது வசதிக்காக மட்டும் செய்வதல்ல. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடுதான். பின்னங்கால்களின் தசையோ வலிமை மிக்கது. பிடியில் திமிறி ஓங்கி உதைத்தால் தன் இடுப்பு முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் குத்துவதே நல்லது.

காதின் உட்புறத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் நீக்க வேண்டும். பசை இருந்தால் மை ஏறாது. காதில் செதில்செதிலாகப் பொருக்கு இருந்தால் அது காது உண்ணிச் சொறியாக இருக்கலாம். அது குணமாகும் வரை குத்தக் கூடாது. காதின் நடுவே ஒரு தடித்த தமனி ஓடும். விளிம்புகளை ஒட்டிச் சிரைகள் ஓடும். ஒளிக்கு எதிரே காதைப் பிடித்தால் இவை தெளிவாகத் தெரியும். இவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் குத்த வேண்டும். இரத்தக் குழாயில் ஊசி பட்டால் காயத்தைவிடப் பெரிய தொல்லை, வழியும் இரத்தம் மையைக் கழுவிக்கொண்டு போய்விடுவது. மங்கிப்போன பல பச்சைகளின் கதை இதுதான். இரத்தம் வந்தால் பஞ்சை வைத்துச் சிறிது நேரம் அழுத்தினால் நின்றுவிடும்.

குறடால் குத்தியவுடன், பசைபோன்ற மையை ஊசித் துளைகளுக்குள் நன்றாகத் தேய்க்க வேண்டும். விரலாலோ மென்மையான பழைய டூத் பிரஷ்ஷாலோ தேய்க்கலாம். எவ்வளவு நன்றாகத் தேய்க்கிறோமோ அவ்வளவு தெளிவாக எழுத்து நிற்கும். மேலே படிந்த மையை உடனே துடைக்காமல் விட்டுவிட வேண்டும். சில நாட்களில் அது தானே உதிரும். அதுவரை எண் தெரியவில்லையே என்று சிலர் மீண்டும் குத்தப் பார்ப்பார்கள். பொறுக்க வேண்டும். கருங்காது முயலின் எண் பிற்காலத்தில் படிக்கக் கடினமாக இருந்தால், காதின் பின்புறம் ஒரு டார்ச் விளக்கை வைத்துப் பார்க்கலாம். ஒளி மடலை ஊடுருவும்போது எழுத்து எழுந்து தெரியும்.

ஒரு முயலுக்குக் குத்திய ஊசியைக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்ததற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே நாளில் முப்பது குட்டிகளுக்குக் குத்துபவர் அவசரத்தில் விடும் படி இதுவே.

வலி

'ஒரு நொடிதான், முயலுக்கு ஒன்றும் தெரியாது' என்பது வளர்ப்பவர்களிடையே உள்ள பழைய சொல். முயல் சத்தமிடாது என்பதே அதற்கு ஆதாரம். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. வலியை வெளிக்காட்டும் இரை முதலில் பிடிபடும். அதனால் அது சுருங்கி அசையாமல் கிடக்கும். அதை அமைதி என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கேள்வியை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நேரடியாக எடுத்துக்கொண்டனர். அவர்களின் ஆய்வு 2012இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. காதில் பச்சை குத்துவதற்கு முன் எம்லா என்ற மரத்துப்போகச் செய்யும் களிம்பையும், மருந்தில்லாத களிம்பையும் தடவி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லிடோகெயின், பிரிலோகெயின் என்ற இரு மருந்துகள் சேர்ந்தது அந்தக் களிம்பு. குழந்தைகளுக்கு ஊசி போடும் முன் தோலில் தடவுவதும் இதைத்தான். முயல் திமிறுகிறதா, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எப்படி மாறுகின்றன என்பவற்றோடு முகத்தையும் படமெடுத்தார்கள். கண் இடுக்கிக்கொள்ளுதல், கன்னம் தட்டையாதல், மூக்குத் துளையின் வடிவம், மீசை முடியின் நிலை, காதின் வடிவமும் நிலையும் என ஐந்து கூறுகளைக் கொண்டு முயலின் முகத்தில் வலியை அளக்கும் ஓர் அளவுகோல் இந்த ஆய்வில்தான் உருவானது. இன்று அறுவை சிகிச்சைக்குப் பின் முயலின் வலியை மதிப்பிடக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலும் இதுவே.

முடிவு தெளிவாக இருந்தது. மருந்தில்லாமல் குத்தும்போது முயலுக்கு வலி உண்டாகிறது, அது குறுகிய நேரமே நீடித்தாலும் கடுமையாக இருக்கக்கூடும். களிம்பு தடவியபோது அந்த வலியின் அறிகுறிகள் பெருமளவு மறைந்தன. முயல்கள் சும்மா இருந்தது வலி இல்லாததால் என்று இனி ஒருவர் சொல்ல முடியாது. களிம்பு வேலை செய்யச் சிறிது நேரம் பிடிக்கும், முயல் அதை நக்கிவிடாமல் பார்க்க வேண்டும், அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இவை தொந்தரவுகள்தாம். வாழ்நாளில் ஒருமுறை படும் தொந்தரவு இது.

வீட்டு முயலும் தொலைந்த முயலும்

அமெரிக்காவில் தெருவில் அலையும் முயலைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்ப்போர், அதன் இடக் காதில் எழுத்துகளைப் பார்த்ததும் உரிமையாளர் கிடைத்துவிட்டதாக மகிழ்வதுண்டு. அந்த எழுத்துகள் ஒரு வளர்ப்பாளரின் சொந்த நோட்டுப் புத்தகத்தில் உள்ளவை. எந்த வளர்ப்பாளர் என்று காது சொல்லாது. இடக் காதுக் குறிகளுக்கெனப் பொதுப் பதிவேடு இல்லை. ஒரே குறியை நாட்டின் இரு மூலைகளில் இருவர் போட்டிருக்கவும் தடையில்லை. இந்த முயல் யாரோ ஒரு வளர்ப்பாளரிடமிருந்து வந்தது, காட்டு முயலன்று என்ற அளவுக்குத்தான் அது உதவும். வலக் காதிலும் குறி இருந்தால் நிலைமை வேறு. அந்தக் குறிக்குச் சங்கத்தில் பதிவு இருக்கிறது. ஆனால் செல்லமாக விற்கப்படும் முயல்கள் பெரும்பாலும் கண்காட்சிக்குத் தேறாதவை என்பதால் அவற்றின் வலக் காது வெறுமையாகவே இருக்கும். பதிவு செய்த முயலே ஆனாலும், அது இரண்டு கை மாறியிருந்தால் ஏட்டில் பழைய உரிமையாளரின் பெயர்தான் நிற்கும்.

மைக்ரோசிப் இந்த இடத்தில் மேலானது. அரிசி மணி அளவுள்ள அதைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும். உலக அளவில் ஒத்த தரம் உள்ளதால் ஒரே எண் இருவருக்கு வராது. கண்ணால் படிக்க முடியாது என்பதால் கண்காட்சி மேசையில் அது காதுப் பச்சைக்கு மாற்றாகவில்லை. வரிசையில் காத்திருக்கும் நூறு முயல்களின் காதைத் திருப்பிப் பார்ப்பது எளிது. ஆனால் மைக்ரோசிப்பும் ஓர் எண்தான். வீடு மாறியபின் புதிய தொலைபேசி எண்ணைப் பதிவகத்துக்குத் தெரிவிக்காதவரின் முயல், சிப் இருந்தும் காப்பகத்திலேயே கிடக்கும்.

செல்ல முயலுக்குப் பச்சை குத்தத்தான் வேண்டுமா என்று கேட்டால், வீட்டில் ஒன்றோ இரண்டோ வளர்ப்பவருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. வாங்கிய முயலின் காதில் ஏற்கெனவே குறி இருந்தால் அதை வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தக் காது என்பதையும் எழுதி, விற்றவரின் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். முயல் தொலைந்தால் 'வெள்ளை முயல், சிவந்த கண்' என்று அறிவிப்பதைவிட, 'இடக் காதில் இந்த எண்' என்று அறிவிப்பது பயன் தரும். கண்டெடுத்தவர் கையில் பல வெள்ளை முயல்கள் இருக்கலாம், அந்த எண் ஒன்றில்தான் இருக்கும்.

காதில் குறியுள்ள முயலைக் கண்டெடுத்தவர் இரு காதுகளையும் பார்க்க வேண்டும். பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் மங்கிய எழுத்தும் தெரியும். முயலின் இடம், வலம் என்று குறித்துக்கொண்டு, பின்னங்கால்களில் வளையம் இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். உரோமத்துக்குள் அது மறைந்திருக்கும். பின்னர் ஸ்கேனர் உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். கிடைத்த எண்ணை வெளியே அறிவிக்கும்போது கடைசி ஓர் எழுத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது நல்லது. முயல் தன்னுடையது என்று வருபவர் அந்த எழுத்தைச் சொல்லட்டும்.